அப்பா வீட்டுச் சுவரில் ஒரு சார்ஜர்

2025 செப்டம்பர் மாதம், ஒரு வியாழக்கிழமை இரவு 11.40 மணி. பட்டர்வொர்த்திலிருந்து அப்பா அழைத்தார்.

"நெஞ்சுல ஒரு மாதிரி இருக்கும்மா. ஒண்ணுமில்ல, சும்மாதான் சொல்றேன்."

சும்மா சொல்வதற்காக இரவு பன்னிரண்டு மணியை ஒட்டி அழைக்கிறவர் அல்ல என் அப்பா. பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு, குளுகோரிலிருந்து காரை எடுத்தேன். பினாங்குப் பாலத்தின் நடுப்பகுதியைத் தாண்டியதும் கார் ஒருமுறை இருமியது. பிறகு முனகியது. பிறகு நின்றேவிட்டது. அபாய விளக்கைப் போட்டுவிட்டு, கீழே கருங்கடல், பக்கத்தில் சீறிப்போகும் லாரிகள் என்று ஐம்பது நிமிடம் அங்கேயே நின்றேன். அப்பாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போனது பக்கத்து வீட்டுச் சீன அங்கிள்.

பெரிதாக ஒன்றுமில்லை. இரத்த அழுத்தம் ஏறியிருந்தது, மாத்திரையை மாற்றிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். ஆனால் அந்த ஐம்பது நிமிடம் என்னைவிட்டுப் போகவில்லை. பதினான்கு வயதான அந்தக் காரை இனியும் நம்புவதில்லை என்று அன்றிரவே முடிவெடுத்தேன்.

மறுநாள் காலை ஒலிவாங்கிக்கு முன்னால் வழக்கம்போல் "வணக்கம்" சொன்னேன். பாட்டு ஓடும் இடைவெளியில் கைப்பேசியில் கார் விலை தேடினேன். என் கணவர் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியாளர். அவர் அனுப்பிய குறுஞ்செய்தி ஒரே வரி: "இந்த முறை மின்சாரக் கார் பார்க்கலாமா?"

அந்த ஒரு வரி மூன்று மாத வேலையாகிவிட்டது. காட்சிக்கூடங்கள், சோதனை ஓட்டங்கள், அளவு நாடா, மின்கட்டண ரசீது, அடுக்குமாடி நிர்வாகக் குழுக் கூட்டம் என்று அலைந்ததில் நான் கற்றது நிறைய. அதே யோசனையில் இருக்கும் குடும்பங்களுக்கு உதவட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தாளில் நான்கு கார்கள்

எங்கள் உச்சவரம்பு ஏறக்குறைய 1 லட்சத்து 20 ஆயிரம் ரிங்கிட். 2023 ஜூலையில் 1 லட்சத்து 99 ஆயிரம் ரிங்கிட்டுக்கு இங்கே அறிமுகமான டெஸ்லா மாடல் ஒய்யைக் காட்சிக்கூடத்தில் தடவிப் பார்த்ததோடு சரி. சாப்பாட்டு மேசையில் விரித்த தாளில் மிஞ்சியவை நான்கு.

முதலாவது, பிஒய்டி அட்டோ 3. 2022 டிசம்பரில் மலேசியாவுக்கு வந்தது. அப்போது சிறிய பேட்டரி வகை 1,49,800 ரிங்கிட், பெரிய பேட்டரி வகை 1,67,800 ரிங்கிட். மூன்று ஆண்டுகளில் தள்ளுபடிகள் ஏறி விலை வெகுவாக இறங்கிவிட்டது. பெரிய பேட்டரியின் கொள்ளளவு 60.48 கிலோவாட் மணி. நம் வீட்டு மின்ரசீது மொழியில் சொன்னால் 60 யூனிட்.

இரண்டாவது, புரோட்டோன் இ.மாஸ் 7. 2024 டிசம்பர் 16-ஆம் தேதி அறிமுகமானது. சீனாவின் கீலி நிறுவனத்துக் காரை அடித்தளமாகக் கொண்டது. அப்போது பிரைம் வகை 1,09,800, பிரீமியம் வகை 1,23,800 ரிங்கிட். தொடக்கத்தில் வாங்கியவர்களுக்கு 4,000 ரிங்கிட் குறைத்தார்கள். பிரீமியத்தின் பேட்டரி 60.22 யூனிட்.

மூன்றாவது, அதன் தம்பி இ.மாஸ் 5. 2025 அக்டோபர் இறுதியில் வந்தது. அப்போது 59,800 ரிங்கிட்டில் தொடங்கியது, பிரீமியம் 72,800. பேட்டரி அளவு முறையே 30 யூனிட், 40 யூனிட்.

நான்காவது, 2025 டிசம்பர் 1-ஆம் தேதி அறிமுகமான பெரோடுவா கியூவி-இ. அப்போது கார் 80,000 ரிங்கிட், பேட்டரி மட்டும் வாடகைக்கு. மாதம் 275 ரிங்கிட், ஒன்பது ஆண்டுகள்.

இந்த நான்காவதை அப்பாவிடம் விளக்கியபோது அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"காடி நம்முது, பேட்டரி அவங்களுதா? மாட்டை வாங்கிட்டு மடியை வாடகைக்கு எடுக்கறது மாதிரில்ல இருக்கு?"

கணக்குப் போட்டுக் காட்டினேன். 275 வெள்ளி, 108 மாதம், மொத்தம் 29,700. காரோடு சேர்த்தால் 1,09,700. ஆக, விலை மலிவு என்று ஏமாறவும் வேண்டாம், கொள்ளை என்று பதறவும் வேண்டாம். மொத்தத்தை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பேட்டரி பழுதானால் அது யார் தலைவலி என்று பயப்படுகிறவர்களுக்கு இந்த ஏற்பாட்டில் ஒரு நிம்மதி உண்டு. ஆனால் காரை நடுவில் விற்றால் அந்த வாடகை ஒப்பந்தம் என்னவாகும் என்பதைக் கையெழுத்துக்கு முன்பே படித்துத் தெளிய வேண்டும். கார் தவணை, பேட்டரித் தவணை என்று இரண்டு கடன் எண்ணங்களைச் சுமக்க எனக்குத் தெம்பில்லை. அதனால் தாளில் ஒரு கோடு விழுந்தது.

480 பெரிதா, 410 பெரிதா?

அட்டோ 3-இன் விளம்பரத் தாளில் ஒரு முழு சார்ஜில் 480 கிலோமீட்டர் என்று இருந்தது. இ.மாஸ் 7 பிரீமியத்தின் தாளில் 410. இரண்டிலும் பேட்டரி ஏறத்தாழ ஒரே அளவு. பிறகெப்படி 70 கிலோமீட்டர் வித்தியாசம்?

விஷயம் அளவுகோலில் இருக்கிறது. 480 என்பது என்இடிசி என்ற பழைய ஐரோப்பியச் சோதனை முறையில் வந்த எண். மெதுவான ஓட்டம், மென்மையான முடுக்கம் என்று வண்டிக்குச் சாதகமான சோதனை அது. 410 என்பது டபிள்யூஎல்டிபி என்ற புதிய, கடுமையான முறையில் வந்தது. அதே புதிய முறையில் அட்டோ 3-க்கு 420. ஆக, உண்மையான வித்தியாசம் 10 கிலோமீட்டர். பட்டர்வொர்த்துக்கும் பிறைக்கும் போய்வருகிற தூரம்.

கியூவி-இயின் 445 கிலோமீட்டரும் என்இடிசி எண்தான். இரண்டு கார்களை ஒப்பிடும்போது எண்ணைப் பார்ப்பதற்கு முன் பக்கத்தில் உள்ள பொடி எழுத்தைப் பாருங்கள். ஒரு கடையில் கிலோவிலும் மறுகடையில் பவுண்டிலும் வெங்காயம் வாங்கி விலை ஒப்பிட முடியுமா?

புதிய முறையின் எண்ணும் கூட நெடுஞ்சாலையில் அப்படியே கிடைக்காது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில், குளிர்சாதனம் ஓட, நான்கு பேரோடு போனால் 100 கிலோமீட்டருக்கு 18 யூனிட் வரை இழுக்கும் என்று வைத்துக்கொண்டேன். 80 விழுக்காட்டிலிருந்து 10 விழுக்காடு வரை ஓட்டினால் 60 யூனிட் பேட்டரியில் கிடைப்பது 42 யூனிட், அதாவது 230 கிலோமீட்டர் சொச்சம். பினாங்கிலிருந்து கோலாலம்பூர் சுமார் 350 கிலோமீட்டர். முழு சார்ஜோடு புறப்பட்டாலும் தாப்பா பக்கம் ஒருமுறை நிறுத்துவது நல்லது. எப்படியும் பிள்ளைகள் அங்கே கழிவறை கேட்பார்கள், கணவர் தே தாரேக் கேட்பார். விரைவு சார்ஜரில் இ.மாஸ் 7 பிரீமியம் 30 விழுக்காட்டிலிருந்து 80-க்கு ஏற 20 நிமிடம் என்கிறது நிறுவனம். அட்டோ 3 சற்று மெதுவாக ஏறும். ஆண்டுக்கு நான்கு முறை கோலாலம்பூர் போகும் எங்களுக்கு அந்தப் பத்து நிமிடம் ஒரு பொருட்டல்ல. தீபாவளிக்கு முந்தின நாள் அதே சார்ஜருக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள் என்பதுதான் பொருட்டு.

எங்கே குத்துவது?

ஒரு காலை நிகழ்ச்சியில், மின்சாரக் கார் வைத்திருக்கும் நேயர்களை அழைக்கச் சொன்னேன். தொலைபேசி ஓயவில்லை. சுங்கை பட்டாணியிலிருந்து ஓர் ஆசிரியை: "இரவு வீட்ல குத்திடுவேன், காலைல நூறு. பெட்ரோல் நிலையத்துக்குப் போயி ஒரு வருஷம் ஆச்சு." அடுத்து தீவிலிருந்து ஓர் இளைஞர், அடுக்குமாடியில் வசிப்பவர்: "அக்கா, வாரத்துக்கு ரெண்டு தடவை பேரங்காடியில உட்கார்ந்து சார்ஜ் ஏத்தறேன். காருக்குச் சார்ஜ் ஏறுது, எனக்குச் செலவு ஏறுது."

ஒரே வகைக் கார்தான் இருவரிடமும். ஒருவர் தரைவீட்டில் இருக்கிறார், ஒருவர் பன்னிரண்டாவது மாடியில் இருக்கிறார். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. காரைப் பற்றி ஆயிரம் கேள்வி கேட்ட நான், என் நிறுத்துமிடத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்கவில்லை.

நாங்களும் அடுக்குமாடிதான். எங்கள் நிறுத்துமிடம் இரண்டாவது தளத்தில், இரு தூண்களுக்கு நடுவே. அங்கே சொந்த மீட்டரிலிருந்து கம்பி இழுத்து ஒரு சார்ஜர் வைக்க அனுமதி கேட்டு நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. கூட்டத்துக்கே போனேன். தீ பிடித்தால் யார் பொறுப்பு என்றார் ஒருவர். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும், கட்டடத்தின் மின்சுமை தாங்குமா என்றார் இன்னொருவர். கேள்விகள் நியாயமானவைதான். ஆனால் பதிலைத் தேட ஒரு பொறியாளரை அழைக்கலாம் என்று நான் சொன்னதும் அடுத்த விவகாரத்துக்குப் போய்விட்டார்கள். நீச்சல் குளத்து ஓடு.

அன்றிரவு தாளைக் குப்பையில் போடத் தயாராகிவிட்டேன். கணவர்தான் வேறு பக்கம் திரும்பினார்.

"மாமா வீட்ல போர்ச் சும்மாதானே கிடக்கு?"

ஒரு வாரம் தாங்குமா?

அப்பாவின் வீடு பட்டர்வொர்த்தில் ஒரு பழைய தாமானில், ஒற்றை மாடி வரிசை வீடு. அம்மா போய் இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்களோடு வந்து இருங்கள் என்றால் "மாடியில காத்து வராதும்மா" என்பார். பன்னிரண்டாவது மாடியில் காற்று வராதாம்.

அங்கே சனிக்கிழமை இரவு சார்ஜ் போட்டால் அடுத்த சனிவரை தாங்குமா? தாளைத் திருப்பிப் போட்டுக் கணக்கெழுதினேன்.

எங்கள் அன்றாட ஓட்டம் பள்ளி, ஜோர்ஜ் டவுன், பாயான் லெப்பாஸ், மீண்டும் வீடு என்று 45 கிலோமீட்டர். நூறு கிலோமீட்டருக்கு 16 யூனிட் என்று தாராளமாக வைத்தால் நாளொன்றுக்கு 7 யூனிட் சொச்சம். 60 யூனிட் பேட்டரியில் அது 12 விழுக்காடு. ஞாயிறு காலை 100 விழுக்காட்டோடு கிளம்பிப் பாலம் தாண்டி வீடு வந்தால் 93. திங்கள் மாலை 81, செவ்வாய் 69, புதன் 57, வியாழன் 45, வெள்ளி 33. சனிக்கிழமை அப்பா வீட்டு வாசலில் நிற்கும்போது 26.

இதையே இ.மாஸ் 5-இன் 40 யூனிட் பேட்டரியில் போட்டேன். சிறிய கார், குறைவாகத்தான் இழுக்கும். நூறு கிலோமீட்டருக்கு 14 யூனிட் என்றே வைத்தாலும் வெள்ளி மாலை 12 விழுக்காட்டில் நிற்கிறது. நகருக்குள் ஓட அருமையான வண்டி, விலையோ பாதிக்குக் கொஞ்சம் மேல். வீட்டிலேயே தினமும் குத்த முடிந்திருந்தால் யோசிக்காமல் அதைத்தான் எடுத்திருப்பேன். என் கேள்வி வேறு. வியாழன் இரவு 11.40-க்கு அப்பா அழைத்தால் என் காரில் எத்தனை விழுக்காடு இருக்கும்? பெரிய பேட்டரியில் 45. சிறியதில் 28. இரண்டுமே பாலம் தாண்டப் போதும்தான். ஆனால் வெள்ளி இரவு அழைத்தால் 12 விழுக்காட்டைப் பார்த்துக்கொண்டு நான் பாலத்தில் ஏற வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அங்கே நின்றவள் நான்.

ஆகவே 60 யூனிட். தாளில் இரண்டு கார்கள் மிஞ்சின.

வெள்ளிக் கணக்கு

இப்போது பலருக்குப் பிடிக்காத ஒரு கணக்கு. மின்சாரக் கார் வாங்கினால் பணம் மிச்சம் என்று காட்சிக்கூடத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். எவ்வளவு மிச்சம்?

எங்கள் ஓட்டம் ஆண்டுக்கு 15,000 கிலோமீட்டர், மாதத்துக்கு 1,250. பழைய கார் மாதம் 106 லிட்டர் குடிக்கும். 2025 செப்டம்பர் 30 முதல் பூடி 95 திட்டத்தில் மைகாட் காட்டினால் ரோன் 95 லிட்டர் 1 ரிங்கிட் 99 சென் என்று ஆனது. மாதச் செலவு 211 ரிங்கிட்.

மின்சாரக் காருக்கு மாதம் 200 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்தால் 220. 2025 ஜூலை மாதம் மாறிய தெனாகா கட்டணத்தில், மாதம் 1,500 யூனிட்டுக்குள் பயன்படுத்தும் வீட்டுக்கு எல்லா உருப்படிகளும் சேர்ந்து யூனிட்டுக்கு 44 சென் சொச்சம். ஆனால் குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குத் தரும் சிக்கனச் சலுகை, பயன்பாடு ஏற ஏறக் குறைந்துகொண்டே போகும். அப்பா தனியாள், அவருக்கு இப்போது நல்ல சலுகை கிடைக்கிறது. என் கார் அதைத் தின்றுவிடும். அதனால் 50 சென் என்றே வைத்தேன். மாதம் 110 ரிங்கிட். மிச்சம் 101.

அதே 200 யூனிட்டை விரைவு சார்ஜரில் ஏற்றினால்? என் கைப்பேசியில் உள்ள செயலிகளில் யூனிட் 1 ரிங்கிட் 20 சென்னிலிருந்து 1 ரிங்கிட் 60 சென் வரை பார்த்தேன். 1.30 என்று வைத்தாலும் 260 ரிங்கிட். பெட்ரோலைவிட 49 ரிங்கிட் அதிகம்! அடுக்குமாடி இளைஞரின் புலம்பலுக்குப் பொருள் அப்போதுதான் புரிந்தது.

இன்னொன்று. ஒப்பீடு நேர்மையாக இருக்க வேண்டுமானால் பழைய காரோடு ஒப்பிடக்கூடாது. புதிய பெட்ரோல் கார் வாங்கினால் நூறு கிலோமீட்டருக்கு ஆறரை லிட்டர் போதும். மாதம் 162 ரிங்கிட். அப்படியானால் வீட்டிலேயே சார்ஜ் போட்டாலும் மிச்சம் 52 ரிங்கிட்தான். எஞ்சின் எண்ணெய், வடிகட்டி போன்ற பராமரிப்புச் செலவு இல்லாதது கூடுதல் இலாபம். அதையும் சேர்த்தாலும், எரிபொருள் மிச்சத்தை மட்டும் நம்பி இதை வாங்குவது எங்கள் அளவு ஓட்டத்துக்குப் பொருந்தாது. தினமும் பாலத்தில் இரண்டு முறை ஓடி, ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் போடுகிறவர்களுக்குக் கணக்கு வேறு. சலுகை இல்லாத ரோன் 95 விலை 2025 செப்டம்பர் இறுதியில் 2 ரிங்கிட் 60 சென்னாக இருந்தது. தவணையோ ஒன்பது ஆண்டு. ஒன்பது ஆண்டும் லிட்டர் 1.99-லேயே இருக்கும் என்று எழுதித்தர ஆளில்லை. அந்த ஒன்பது ஆண்டை நினைத்துத்தான் நாங்கள் மின்சாரத்தின் பக்கம் சாய்ந்தோம்.

டிசம்பர் 31 என்ற பூச்சாண்டி

காட்சிக்கூடங்களில் 2025 இறுதியில் ஒரே பாட்டு. "டிசம்பர் 31-க்குள்ள எடுத்துடுங்க மேடம்." இதில் பாதி உண்மை.

முழுதாக வெளிநாட்டில் தயாரித்துக் கொண்டுவரப்படும் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி, கலால் வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்தது. உள்நாட்டில் பொருத்தப்படும் கார்களுக்கான சலுகை 2027 டிசம்பர் 31 வரை உண்டு. அட்டோ 3 அப்போது இறக்குமதியாகி வந்தது. இ.மாஸ் 7-ஐ உள்நாட்டில் பொருத்துவதற்காகத் தஞ்சோங் மாலிமில் புரோட்டோன் கட்டிய மின்சார வாகன ஆலை 2025 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஆகவே அவசரம் எல்லாக் காருக்கும் ஒன்றாக இருக்கவில்லை. "இந்தக் கார் இறக்குமதியா, இங்கே பொருத்தியதா?" என்று கேளுங்கள்.

சாலை வரி விலக்கும் அதே நாளில் முடிந்தது. 2026 ஜனவரி 1 முதல் மோட்டாரின் கிலோவாட் திறனை வைத்து வரி. ஆனால் புதிய அட்டவணை, மின்சாரக் கார்களுக்கு முன்பிருந்த அட்டவணையைவிட ஏறத்தாழ 85 விழுக்காடு குறைவு. அந்தத் தொகைக்குப் பயந்து அரை மனதோடு கையெழுத்துப் போடத் தேவையில்லை.

விலை இறங்கும் பயமும் உண்டு. என் தோழி ஒருத்தி ஒரு மின்சாரக் காரை முழு விலைக்கு எடுத்த சில மாதங்களில், அதே கார் ஆயிரக்கணக்கில் தள்ளுபடியோடு விற்பனைக்கு வந்தது. "காரைப் பார்க்கும்போதெல்லாம் தள்ளுபடி கண்ணுல தெரியுது" என்கிறாள். மூன்று ஆண்டில் விற்றுவிடும் எண்ணமிருந்தால் மறுவிற்பனை விலையை மூன்று முறை யோசியுங்கள். இரண்டு கார்களின் பேட்டரிக்கும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம். எங்கள் ஓட்டத்துக்கு 8 ஆண்டில் 1,20,000 கிலோமீட்டர்தான் வரும். நாங்கள் அதுவரை வைத்துக்கொள்ளப் போகிறவர்கள்.

அப்பாவின் சோதனை ஓட்டம்

அட்டோ 3-ஐயும் இ.மாஸ் 7-ஐயும் ஒரே வாரத்தில் ஓட்டிப்பார்த்தேன். இரண்டிலும் அப்பாவை ஏற்றிக்கொண்டேன்.

அப்பா முப்பது ஆண்டு துறைமுகத்தில் வேலை பார்த்தவர். பட்டர்வொர்த் துறையில் கப்பல் சரக்கு இறக்கும் பிரிவு. 1985-இல் பினாங்குப் பாலமும் புரோட்டோன் சாகாவும் ஒரே ஆண்டில் வந்தன. பிரதமர் மகாதீர் சாகாவை ஓட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்ததை அப்பா இன்னும் நேற்று நடந்ததுபோல் சொல்வார். ஏழாண்டு கழித்து ஒரு பழைய சாகா வாங்கி, அம்மாவை ஏற்றிக்கொண்டு முதலில் போனது பாலத்துக்குத்தான். திரும்பும்போது வேண்டுமென்றே ஃபெரியில் ஏற்றிக் கொண்டுவந்தாராம், அதுவும் ஒரு சவாரி என்று. 2021 முதல் ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை. அப்பாவுக்கு அது ஒரு சொந்தக்காரர் போனமாதிரி.

முதல் காரில் ஏறியதும் அவர் கேட்டது, "ஓடுதா, நிக்குதா?" சத்தமே இல்லை. ஒலிப்பதிவு அறைக்குள் உட்கார்ந்த மாதிரி எனக்கு. இரண்டாவது காரிலும் அதே. முடுக்கத்தை மிதித்தால் இரண்டும் பாய்கின்றன. அட்டோ 3-இன் மோட்டார் 150 கிலோவாட், இ.மாஸ் 7-இன் மோட்டார் 160. இந்த வித்தியாசத்தைச் சாலையில் உணர்ந்தேன் என்றால் பொய்.

ஆகவே வேறு விஷயங்களைப் பார்த்தோம். அப்பாவுக்கு முழங்கால் வலி. இருக்கையின் உயரம், கதவு திறக்கும் அகலம், ஏறும்போது கை பிடிக்க இடம் என்று ஒவ்வொன்றிலும் மூன்று முறை ஏறி இறங்கச் சொன்னேன். விற்பனையாளர் சிரித்தார், நான் சிரிக்கவில்லை. ஒரு காரில் குளிர்சாதனக் காற்றின் திசையை மாற்றவும் திரைக்குள் நுழைந்து தேட வேண்டியிருந்தது. பாலத்தில் 80-இல் போகும்போது திரையில் தேட முடியுமா?

அடுத்து அளவு நாடா. இ.மாஸ் 7 நீளம் 4.6 மீட்டர், அகலம் 1.9 மீட்டர். அட்டோ 3 நீளம் 4.45, அகலம் 1.87. பழைய நகரத்துத் தெருக்களுக்கு இரண்டுமே சற்றுப் பருமன்தான். எங்கள் தூண்களுக்கு இடையே இரண்டும் நுழையும். கதவைத் திறந்து ஒல்லியானவர் இறங்கலாம். பொருள் வைக்கும் பகுதி ஒன்றில் 440 லிட்டர், மற்றதில் 461. இரண்டிலும் பிள்ளைகளின் பள்ளிப்பையும் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை ஏறும் நாளின் மூட்டை முடிச்சும் அடங்கும்.

கடைசியில் எங்களுக்குத் தராசைச் சாய்த்தது மூன்று. அப்பாவின் முழங்கால் இ.மாஸ் 7-இல் சுலபமாக ஏறியது. உள்நாட்டுக் கார் என்பதால் டிசம்பர் 31 என் கழுத்தைப் பிடிக்கவில்லை. பழுதுபார்க்கும் நிலையம் அப்பா வீட்டுப் பக்கமே இருக்கிறது. உங்கள் வீட்டில் முழங்கால் வலிக்காரர் இல்லையென்றால், அட்டோ 3-க்கு நல்ல தள்ளுபடி கிடைத்தால், உங்கள் தராசு மறுபக்கம் சாயலாம். தவறே இல்லை.

வாங்கும் முன் ஏழு கேள்விகள்

1. இரவில் கார் நிற்கும் இடத்தில் உங்கள் மீட்டரிலிருந்து கம்பி வருமா? அடுக்குமாடி என்றால் அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கட்டுங்கள்.

2. தாளில் உள்ள கிலோமீட்டர் என்இடிசியா, டபிள்யூஎல்டிபியா?

3. உங்கள் வார ஓட்டம் எவ்வளவு? வாரக் கடைசியில் எத்தனை விழுக்காடு மிஞ்சும்? 30-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டால் நள்ளிரவு அழைப்புக்கும் பயமில்லை.

4. இறக்குமதியா, உள்நாட்டில் பொருத்தியதா?

5. காப்புறுதியில் வெள்ளச் சேதம் உண்டா? 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பேட்டரி நீர் புகாதபடி மூடப்பட்டதுதான், ஆனால் மூழ்கிய காரை யாரும் இலவசமாகத் திருத்தித்தர மாட்டார்கள்.

6. சார்ஜர் இலவசம் என்றால், கம்பி இழுக்கும் கூலியும் சேர்த்தா? சார்ஜர் பொருத்தும் செலவுக்கு 2,500 ரிங்கிட் வரை வருமான வரிக் கழிவு கேட்கலாம். ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

7. வீட்டில் மூத்தவர் இருந்தால், அவரை ஏற்றி இறக்கிப் பார்த்தீர்களா?

கம்பி முதலில், கார் பிறகு

கார் ஜனவரியில் வருவதாக ஏற்பாடு. சார்ஜர் அதற்கு முன்பே ஒரு சனிக்கிழமை வந்துவிட்டது. காரைப் பதிவு செய்வதற்கு முன்பே வீட்டைப் பார்க்கச் சொல்லியிருந்தார் மின்னியல் வல்லுநர். நல்ல வேளை. அப்பா வீட்டு மின்பெட்டி பழையது. 7 கிலோவாட் சார்ஜர் இரவு முழுக்க 32 ஆம்பியர் இழுக்கும். அரிசி குக்கர் குத்தும் அதே சுவர்த் துளையில் இதைக் குத்த முடியாது. தனிக் கம்பி, தனி மின்வெட்டி, கசிவுக் காப்பு எல்லாம் புதிதாகப் போட்டார்கள். அம்மா காலத்து மின்விசிறியின் கம்பியும் கருகியிருந்ததை அப்போதுதான் பார்த்தோம். அதையும் மாற்றினோம். கார் வராமலேயே வீடு ஒரு ஆபத்திலிருந்து தப்பியது.

சார்ஜரைப் பொருத்திய இடம், முன்பு அப்பாவின் சாகா நின்ற இடம். தரையில் எண்ணெய்க் கறை இன்னும் இருக்கிறது. அப்பா நாற்காலி போட்டு உட்கார்ந்து முழு வேலையையும் மேற்பார்வை பார்த்தார். துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டியவர், மின்னியல் வல்லுநருக்கும் கை காட்டினார்.

மின்கட்டணத்தை இனி நான் கட்டுகிறேன் என்றேன்.

"மீட்டர் என் பேர்ல இருக்கு" என்றார்.

"கார் என் பேர்ல இருக்கு" என்றேன்.

இழுபறிக்குப் பிறகு பாதிப் பாதி என்று முடிவானது. என் கைப்பேசியில் கட்டணக் கணக்கை இணைத்துவிட்டேன், முழுவதையும் நானே கட்டப்போகிறேன் என்பது அவருக்கு இன்னும் தெரியாது. இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குத்தினால் முழுதாக ஏற ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்று அவருக்கு விளக்கினேன். விரலை மடக்கி எண்ணினார்.

"அப்போ ராத்திரி இங்கதான் தங்கணும்?"

"ஆமாப்பா."

"ஒவ்வொரு வாரமுமா?"

"ஒவ்வொரு வாரமும்."

அப்பா எழுந்து உள்ளே போனார். சமையலறையிலிருந்து குரல் மட்டும் வந்தது.

"பிள்ளைங்க இப்போ இறால் சாப்பிடறாங்களா, இல்ல கோழியே வாங்கவா?"